ஆட்டர் டிரெயிலில் புளூக்ரான்ஸ் ஆற்றைக் கடக்க எந்த நேரம் சரி? பை நனையாமல் கடப்பது எப்படி?

ஆற்றங்கரைக்குப் போய் முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. முன்பதிவு செய்யும்போதே பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

ஆட்டர் டிரெயில் என்பது தென்னாப்பிரிக்காவின் சிட்சிகாமா கடற்கரையில், ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரத்திலிருந்து நேச்சர்ஸ் வேலி வரை ஐந்து நாள் நடை. நாளொன்றுக்கு 12 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால் பல மாதம் முன்பே இடம் நிரம்பிவிடும். பிறகு தேதியை மாற்றுவது பெரும்பாடு.

புளூக்ரான்ஸ் ஆற்றை அது கடலில் சேரும் இடத்தில், கடல் வற்றும் நேரத்தில்தான் கடக்க வேண்டும். அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் நன்றாக வற்றுவது காலை ஒன்பது, பத்து மணி வாக்கில். நாளுக்கு முக்கால் மணி நேரம் போலத் தள்ளிக்கொண்டே போய், அஷ்டமியில் அது பிற்பகல் மூன்று, நான்கு ஆகிவிடும். நாலாம் நாள் ஓக்ஹர்ஸ்ட் குடிலிலிருந்து ஆற்றுக்கு 10 கிலோமீட்டர். பாறையில் ஏறி இறங்கிப் போக ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். பௌர்ணமியன்று கடப்பதானால் விடியுமுன் நாலு மணிக்கே நெற்றி விளக்கோடு கிளம்ப வேண்டும். அஷ்டமியில் கடந்தால், இன்னும் 4 கிலோமீட்டர் போல நடந்து ஆந்த்ரே குடிலைச் சேருமுன், குளிர்காலத்தில் இருட்டிவிடும். அதுமட்டுமல்ல, அஷ்டமியில் தண்ணீர் அவ்வளவாக வற்றவும் வற்றாது. ஆகவே நடை தொடங்கும் நாளே அமாவாசையாகவோ பௌர்ணமியாகவோ இருந்தால் நல்லது. நாலாம் நாள் வற்றம் நண்பகலை ஒட்டி வரும். சரியான நிமிடத்துக்கு, கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையைத்தான் நம்ப வேண்டும்.

வற்றத்துக்கு அரை மணி முன்பே கரையில் இருங்கள். முதுகுப்பையை முழுசாக உள்ளே விழுங்கும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் காற்றையும் விட்டு, வாயை முறுக்கி மடித்து இறுக்கிக் கட்டினால் மிதக்கும், பிடித்துக்கொண்டு நீந்தலாம். குப்பைப் பை உதவாது, பாறை உரசினால் கிழிந்துவிடும். தண்ணீர் முழங்கால் அளவே என்றால் முதுகில் சுமந்தே போகலாம், ஆனால் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது மாட்டியிருந்தால், கால் இடறும்போது பையை உதறிவிட முடியாமல் பையே ஆளை அமுக்கும். செருப்பு, ஷூ எதுவானாலும் காலில் இருக்கட்டும். அடியில் கூரான பாறைகள்.

மழை பெய்து ஆறு பெருகியிருந்தாலோ, அலை முகத்துவாரத்துக்குள் புகுந்து அடித்தாலோ இறங்கவே கூடாது. ஆற்றுக்கு இந்தப் பக்கமே மேட்டுக்கு ஏறித் தப்பிக்கும் வழி உண்டு. தயங்காமல் அதில் ஏறிவிடுங்கள்.