ஜியோசிட்டீஸில் தொலைந்த ரேடியோஹெட்

கேள்வி: 2000-இல் கல்லூரியில் படித்தபோது, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இங்கிலாந்து ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் ரசிகர் ஒருவர் நடத்திய தளத்தை வாசிப்பேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸில் இருந்தது. கறுப்புப் பின்னணி, இடது பக்கம் பட்டியல். குழுவின் ஆரம்பகாலக் கச்சேரிகள், வெளிவராத பாடல்கள் பற்றியெல்லாம் நிறைய எழுதியிருப்பார். தளத்தின் பெயரும் முகவரியும் மறந்துவிட்டன. அதைத் திரும்பப் பார்க்க வழி உண்டா? அதிலிருந்த ஒலிக்கோப்புகள் இப்போது ஓடுமா?

பதில்: வழி உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். நீங்கள் தந்த துப்புகளில் கறுப்புப் பின்னணி எதற்கும் உதவாது. அந்தக் காலத்து ராக் ரசிகர்களுக்குக் கறுப்பை விட்டால் வேறு நிறமே தெரியாது. ஜியோசிட்டீஸ் என்று சொன்னீர்களே, அதுதான் உருப்படியான துப்பு.

ஜியோசிட்டீஸை 1999-இல் யாஹூ வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளி வைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவும் தன் பங்குக்குப் பக்கங்களைச் சேகரித்தது. ஆகவே, 2000-க்குப் பிறகு உரிமையாளரே எட்டிப் பார்க்காத பக்கம்கூட 2009-ஆம் ஆண்டுப் பிரதியாக எங்காவது கிடக்கலாம்.

தேட வேண்டிய இடம் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின், அதாவது சேமித்த பழைய பக்கங்களைத் தேதிவாரியாகக் காட்டும் தளம். அங்கே போனதும் எல்லோரும் செய்கிற வேலை, கூகுளில் தட்டுவதுபோல இசைக்குழுவின் பெயரைத் தட்டுவது. சில முகப்புப் பக்கங்களைக் காட்டும், அவ்வளவுதான். பக்கங்களுக்குள்ளே இருக்கும் எழுத்தை அது தேடாது. அதற்கு முகவரி வேண்டும். உங்களிடம் இல்லாததும் அதுதான்.

சரி, சுற்றுவழியில் போவோம். அப்போது தேடுபொறிகள் சுமாராகத்தான் வேலை செய்யும். ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரைக் கைகாட்டுவார். அவர் வேறு நாலு பேரைக் கைகாட்டுவார். ஏறக்குறைய எல்லாத் தளத்திலும் 'லிங்க்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். அன்றைக்கு அலுப்பாகத் தாண்டிப் போன அந்தப் பக்கம்தான் இன்று உங்களுக்கு வழிகாட்டி. ரேடியோஹெட்டைப் பொறுத்தவரை 1997-இல் தொடங்கிய க்ரீன் பிளாஸ்டிக், அதையொட்டி வந்த அட் ஈஸ் ஆகிய பெரிய ரசிகர் தளங்களின் முகவரிகளை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அவற்றின் 1999, 2000 பிரதிகளைத் திறந்து லிங்க்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அங்குள்ள சுட்டியைச் சொடுக்கினால் இன்றைய இணையத்துக்குப் போகாது. அந்தத் தேதிக்கு ஆகக் கிட்டத்தில் சேமித்த பிரதிக்கே போகும்.

பட்டியலில் ஜியோசிட்டீஸ் முகவரிகளை மட்டும் முதலில் பாருங்கள். யாஹூவுக்கு முந்தைய ஜியோசிட்டீஸ் ஒரு ஊர் மாதிரி. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பேட்டை, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கதவு எண். ராக், பங்க் இசைக்காரர்களின் பேட்டை சன்செட்ஸ்ட்ரிப். முகவரியில் அந்தப் பெயரும் அதன்பின் நான்கு இலக்க எண்ணும் இருந்தால் சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள். யாஹூ வந்த பிறகு கதவு எண்ணுக்குப் பதில் பயனர் பெயரே முகவரியானது. ஒரே தளத்துக்கு இரண்டு முகவரியும் இருக்கக்கூடும். ஒன்றில் இல்லையென்றால் மற்றதில் பாருங்கள். வேபேக் மெஷினில் கிடைக்காவிட்டால், ஜியோசிட்டீஸின் நகலாகவே உருவான ஓஓசிட்டீஸில் அதே பேட்டை, அதே எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

முகவரி கிடைத்ததும் ஒரு நாட்காட்டி விரியும். அதில் நீலப் புள்ளியைத் தொடுங்கள், அதுதான் பக்கம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்ட நாள். பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சு என்றால் அன்றைக்குப் பக்கமே இல்லை. சொந்தப் பெயரில் இணைய முகவரி (டொமைன்) வைத்திருந்த தளங்களில் இன்னொரு கூத்து உண்டு. உரிமையாளர் புதுப்பிக்காமல் விட்ட டொமைனை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்கள், அதையும் ஆர்க்கைவ் சிரத்தையாகச் சேமித்திருக்கும். முதலில் கண்ணில் படுகிற பிரதியே குப்பையாக இருக்கிறதே என்று திரும்பிவிடாமல் சில ஆண்டுகள் பின்னால் போங்கள்.

உங்கள் தளத்தில் 'இடது பக்கம் பட்டியல்' இருந்தது என்றீர்கள். அது அநேகமாக ஃப்ரேம் முறையில் கட்டியது, அதாவது பட்டியல் ஒரு கோப்பு, வலது பக்கம் தெரிவது இன்னொரு கோப்பு. ஒன்று மட்டும் சேமிப்பாகியிருந்தால் பக்கம் பாதி வெறுமையாகத் தெரியும். அப்போது பட்டியலில் உள்ள சுட்டிகளை ஒவ்வொன்றாகப் புதிய தாவலில் திறந்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரு குறுக்குவழி உண்டு. தளத்தின் முகவரியை அடித்து, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். அந்த முகவரியின் கீழ் சேமித்த அத்தனை கோப்புகளும் வரிசையாக வரும். எங்கேயும் சுட்டி இல்லாத பக்கங்கள்கூட இதில் அகப்படும்.

இனி நான் ஏமாந்த கதை. ஒரு பழைய ரசிகர் பக்கத்தை 1998 பிரதியில் பார்த்தேன். அதில் இருந்த மேடைப் படத்தை '1998-க்கு முந்தையது' என்று நம்பி ஒரு கட்டுரையில் எழுதியும்விட்டேன். உண்மையில் பக்கத்தின் எழுத்து 1998-இல் சேமித்தது, படக்கோப்பு மூன்று ஆண்டுகள் கழித்துச் சேமித்தது. நடுவில் தளக்காரர் அதே கோப்புப் பெயரில் வேறு படம் ஏற்றியிருக்கிறார். வேபேக் மெஷின் காட்டுவது ஒரே நாளில் எடுத்த புகைப்படம் அல்ல, பல நாள் துண்டுகளை ஒட்டிய படம். மேலே வரும் பட்டையில் 'இந்தச் சேமிப்பைப் பற்றி' என்ற பொருளில் ஒரு சுட்டி இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் பக்கத்தின் தேதிக்கு எவ்வளவு முன்பின் என்று தெரியும். முகவரிக்கு நடுவே இருக்கும் 14 இலக்க எண்ணையும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 19990125091030 என்றால் 1999 ஜனவரி 25, காலை 9 மணி 10 நிமிடம் 30 விநாடி. நம் நேரம் அல்ல, உலகப் பொது நேரம்.

ஆரம்பகாலம் பற்றி அந்தத் தளங்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? குழு 1985-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் பள்ளியில் 'ஆன் எ ஃப்ரைடே' என்ற பெயரில் உருவானது. வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை நடந்ததால் அந்தப் பெயர். 1991 கடைசியில் இஎம்ஐ இசை நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. அதையொட்டித்தான் பெயர் ரேடியோஹெட் ஆனது. முதல் ஆல்பம் வந்தது 1993-இல். ரசிகர் தளங்களில் பெரும்பாலானவை அதற்கும் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவை. ஆன் எ ஃப்ரைடே காலத்தைப் பற்றி அவை சொல்வதெல்லாம் கேட்டு எழுதியது, பேட்டிகளிலிருந்து எடுத்து எழுதியது, இன்னொரு தளத்தைப் பார்த்து எழுதியது. ஒரே எழுத்துப்பிழை மூன்று தளங்களில் இருந்தால், மூன்று சாட்சி என்று எண்ண வேண்டாம். ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே ஏட்டைப் பார்த்து மூன்று பேர் படி எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் 1995 முதலான கச்சேரிப் பட்டியல்கள் தங்கம். 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' பாடலை 1995 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் முதன்முதலாகப் பாடினார்கள். ஸ்டூடியோ வடிவம் வந்தது 2016-இல். 'லிஃப்ட்' 1996 கச்சேரிகளில் ஒலித்தது. அதிகாரபூர்வமாக வெளியானது 2017-இல். பல ஆண்டுகள் இந்தப் பாடல்கள் வாழ்ந்தது பெரும்பாலும் ரசிகர்களின் கேசட்டுகளிலும் இந்தப் பக்கங்களிலும்தான். காதால் கேட்டு வரி எழுதியிருப்பார்கள். புரியாத இடத்தில் கேள்விக்குறி. கிடைத்தால் அந்தக் கேள்விக்குறிகளை இன்றைய அதிகாரபூர்வ வரிகளோடு வைத்துப் பாருங்கள். பாட்டு எங்கே மாறியது, ரசிகர் எங்கே தவறாகக் கேட்டார் என்று ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது. குழுவே 2020 ஜனவரியில் ரேடியோஹெட் பப்ளிக் லைப்ரரி என்ற பெயரில் தன் பழைய இணையதள வடிவங்களைத் திறந்து வைத்திருக்கிறது. தேதி சரிபார்க்க அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒலிக்கோப்புகள். அன்றைய வழக்கம் ரியல்ஆடியோ என்ற ஒலிக்கோப்பு வடிவம். நீங்கள் சொடுக்கிய கோப்பு பெரும்பாலும் பாட்டே அல்ல. பாட்டு இருக்கும் முகவரியை ஒரே வரியில் எழுதி வைத்த சீட்டு. ராம் (.ram) என்ற பின்னொட்டோடு சில பைட்டுகள் மட்டும் இறங்கினால் அதை நோட்பேடில் திறங்கள். உள்ளே உள்ள முகவரி எச்டிடிபி என்று தொடங்கினால், அதை வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள்; கோப்பு சேமிப்பாகியிருந்தால் விஎல்சி பிளேயரில் அநேகமாக ஓடும். ஆர்டிஎஸ்பி, பிஎன்எம் என்று தொடங்கினால் விட்டுவிடுங்கள். அது நேரலையாக ஓடிய சர்வர், ஆர்க்கைவுக்கு எட்டியிருக்காது. அந்தத் தளங்களில் வாசகர்கள் குறிப்பு எழுதிய விருந்தினர் பதிவேட்டில் (கெஸ்ட்புக்) இன்று எழுத முயல்வதும் வீண்.

தளம் கிடைத்ததும் உங்கள் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சாதாரணமாகச் சேமித்தால் ஆர்க்கைவின் பட்டையும் மாற்றிய சுட்டிகளும் சேர்ந்தே வரும். அந்த 14 இலக்க எண்ணின் வாலில், இடைவெளி விடாமல், ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேர்த்துத் திறந்தால் அன்றைக்கு அந்த ரசிகர் ஏற்றிய கோப்பு அப்படியே வரும்.