சுவரில் மாட்டவும் காட்டுக்குக் கொண்டுபோகவும் பெரிய போவி கத்தி ஒன்று வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, இரண்டு தேவைக்கும் ஒரே கத்தியை வாங்காதீர்கள். மட்டக்களப்பு கல்லடியில் வீடு, லீவு நாளில் கூட்டாளிமாரோடு உன்னிச்சை, இங்கினியாகலைப் பக்கம் போய்ச் சமைத்துச் சாப்பிட ஆசை, 10 அங்குல அலகுள்ள ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் கண்ணாடி போல மின்னுகிற மலிவுக் கத்தி அநேகமாகச் சுவருக்கு மட்டும்தான் ஆகும்.

போவி கத்தி பற்றை வெட்டப் பிறந்ததில்லை. 1827இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த சண்டையில் ஜேம்ஸ் போவி என்ற அமெரிக்கர் பிடித்திருந்த பெரிய கத்தியால்தான் பெயர் பரவியது. பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்கென்றே செய்து அனுப்பின. கைக்கு முன்னால் குறுக்குப் பட்டை, முனைப் பக்கம் முதுகைக் குழித்து எடுத்த கூர் நுனி எல்லாம் சண்டைக்கான அமைப்பு. அந்த நுனி மெல்லியது. பாலை விறகுக்குள் குத்தி நெம்பினால் முதலில் அதுதான் முறியும். சூரைப் பற்றைக்குள் வழி எடுக்க நம்முடைய காட்டுக்கத்திக்கு ஈடாக இது வராது. சின்ன விறகு பிளக்க, தடி சீவ, இறைச்சி வெட்ட நல்லது.

வேலைக்குத்தான் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அலகை அல்ல, பிடிக்குள் ஒளிந்திருக்கிற இரும்பு வாலை. மலிவுக் கத்திகளில் அலகின் அடியில் பென்சில் தடிப்புக் கம்பி ஒன்றை ஒட்டவைத்துப் பிடிக்குள் செருகியிருப்பார்கள். ஓங்கி வெட்டும்போது ஒட்டிய இடம் விட்டு அலகு பறக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. பிடியின் மேலும் கீழும் இரும்பு விளிம்பு முழு நீளத்துக்கும் தெரிந்தால் பயமில்லை. மறைந்த வால் எல்லாம் கூடாது என்று நான் சொல்லவில்லை, சேகரிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பழைய நல்ல போவிகள் பலவும் அப்படித்தான். ஆனால் வால் அலகின் அகலத்தில் பாதியாவது இருக்க வேண்டும், பிடியின் கடைசி வரை ஓட வேண்டும், அலகும் வாலும் சேரும் மூலை வளைவாக இருக்க வேண்டும். சதுரமாக வெட்டிய மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும். பிடியைத் தளர்வாகப் பிடித்து, கத்தி முதுகைப் பலகையில் தட்டிப் பாருங்கள். உள்ளே கிலுகிலுப்புக் கேட்டால் வாங்காதீர்கள்.

இரும்பு விஷயம் சுருக்கமாக. 420 என்று எழுதிய துருப்பிடிக்காத இரும்பு சுவருக்குப் போதும், கூர் நிற்காது. வேலைக்கு 1095 அல்லது 5160 என்ற எண்ணுள்ள உருக்கு வகை, முதுகுத் தடிப்பு 5, 6 மில்லிமீற்றர். டமாஸ்கஸ், அதாவது இரும்பை அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்தது, என்று கோலம் போட்டதைக் கண்டால் முதுகைப் பாருங்கள். உண்மையானதில் பக்கத்துக் கோடு முதுகிலும் தொடரும், மேலே பொறித்ததில் விளிம்போடு நின்றுவிடும்.

என்னைக் கேட்டால், அளவோடு படம் கீறிக் கம்மாலையில் கொடுங்கள். வாகன ஸ்பிரிங் தகடு பெரும்பாலும் 5160 வகைதான். நடு ஆணித் துளைக்கும் சுருட்டிய கண்ணுக்கும் கிட்டிய துண்டை எடுக்க வேண்டாம், ஓடி ஓடிக் களைத்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அங்கேதான் கூட. பதம் ஏற்றச் சூடான அலகைத் தோய்க்கும்போது தண்ணீர் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இந்த இரும்பு தண்ணீரில் வெடிக்கும். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டு, கை சுடும் அளவுக்குச் சூடாக்கிய எண்ணெயில் இறக்க வேண்டும். ஆறியதும் புது அரத்தை விளிம்பில் இழுத்தால் வழுக்க வேண்டும். கடித்தால் பதம் ஏறவில்லை. வழுக்கினால் அன்றைக்கே 200 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம், இரண்டு தரம் வாட்ட வேண்டும். வாட்டாத கத்தி கல்லில் பட்டால் கண்ணாடி மாதிரி உடையும். கூரின் சாய்வுக் கோணம் ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை போதும், அதைவிட மெலிந்தால் விறகில் மடியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இணையத்தில் கேட்ட விலையைப் பேசாமல் கட்டுகிற நம் ஆட்கள், நாள் முழுக்க நெருப்பு முன்னால் நிற்கும் கொல்லரிடம் போய் ஐந்நூறு குறை, ஆயிரம் குறை என்று நிற்பார்கள். பிறகு ஊரில் நல்ல கத்தி அடிக்க ஆளில்லை என்று கதைப்பார்கள். கூலியைக் குறைத்தால் வாட்டுகிற வேலையைத்தான் அவர் விடுவார், அதை நீங்கள் கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது.

பிடிக்குப் புளி, முதிரை நல்லது. பழைய போவியைப் பார்த்து மான் கொம்பு கேட்காதீர்கள், வனசீவராசிச் சட்டத்தில் மாட்டுவீர்கள்.

சுவருக்கு வாங்கினால் கல்லடியில் எதிரி உப்புக்காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. தோல் உறைக்குள் போட்டு வைக்கவே வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், மார்கழி மழையோடு அலகில் புள்ளி புள்ளியாகத் துரு இறங்கும், பித்தளைப் பட்டை பச்சை பூக்கும். உறையைத் தனியே தொங்கவிடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும், தையல் மிசின் எண்ணெயை மெல்லிதாகத் துடைத்து விடுங்கள். விருந்தாளி விரல் வைத்துப் பார்த்தால் அன்றைக்கே துடைக்க வேண்டும், வியர்வைத் தடம் அப்படியே பதியும். சிறுபிள்ளைகளுக்கு எட்டாத உயரம், வெளிச்சுவராக இருக்கக் கூடாது.

இன்னொன்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு மே மாதம் வாள், பெரிய கத்திகளைப் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். வீட்டு வேலைக்கானவற்றுக்கு விலக்கு இருந்தது. சீயோன் தேவாலயத்தில் அத்தனை உயிர் போன ஊர் இது, இங்கே நீளக் கத்தியைக் கண்டால் சனம் பயப்படுவதில் குற்றமில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். சாக்கில் சுற்றி, சமையல் சாமானோடு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். இங்கினியாகலைக்குப் பக்கத்திலுள்ள கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் கொப்பு வெட்டுவதே குற்றம், அந்தப் பக்கம் போகிற நாளில் கத்தியை வீட்டில் வையுங்கள்.