பண விளையாட்டுகளைத் தடை செய்தது சரியா? கேம் ஆட ஆதார் கேட்கலாமா?

ரம்மி, போக்கர் மாதிரி காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு அடியோடு நிறுத்தியது சரியா, ஆட வருகிறவரிடம் ஆதார் கேட்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தடை சரி. ஆதார் கேட்பது சரியில்லை. இப்படிச் சொன்னால், "தடை வேண்டுமென்றால் ஆளை அடையாளம் காண வேண்டாமா?" என்று உடனே கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் வாதம். காசு போகும் வழியை அடைத்தால் போதும். ஆடுகிறவரின் அடையாளத்தை வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நான் விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. ராத்திரி கடை சாத்திய பிறகு நண்பர்களோடு பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். அதனால் கேம் என்றாலே கெட்டது என்று பேச எனக்கு மனசு வராது.

ஆனால் கடைக்கு வருகிற பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்க ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், அதை பிரிண்ட் எடுக்க வருவார்கள். சிலருடையதில் பக்கம் பக்கமாக ஒரே ரம்மி கம்பெனியின் பெயர். 100, 200, 500, மறுபடியும் 500. சம்பளம் ஏறிய நாளில் 5,000. வரவுப் பக்கத்தில் எப்போதாவது ஒரு 300 ரூபாய். எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர் அப்படித்தான் மிஷினையே விற்றார். அவர் சூதாடி இல்லை. சீட்டாட்டம் என்று கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். போனில் வெல்கம் போனஸ் என்று கூப்பிட்டதால் உட்கார்ந்தார்.

"ரம்மி திறமை விளையாட்டு" என்ற வாதத்தை இந்த இடத்தில்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரம்மியில் திறமைக்குத்தான் பெரிய பங்கு என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது, உண்மைதான். ஆனால் அன்று நீதிபதிகள் கண்முன் இருந்தது ஒரு கிளப், ஒரு மேஜை, சுற்றிலும் முகம் தெரிந்த நாலு பேர். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, எதிரே ஆடுவது ஆளா கம்ப்யூட்டர் நிரலா என்றுகூடத் தெரியாமல், தோற்ற அடுத்த நொடியே இன்னொரு 500-ஐ யுபிஐயில் போட முடிகிற ஆட்டத்துக்கு அந்தத் தீர்ப்பைப் பொருத்துவது நியாயமாகப் படவில்லை.

தமிழ்நாடு இதில் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. 2020 நவம்பரில் முதல் அவசரச் சட்டம். அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு, அதன் அறிக்கை, மறுபடியும் ஒரு அவசரச் சட்டம், அப்புறம் சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் 2023 மார்ச்சில் இரண்டாவது தடவை நிறைவேற்றியது, ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டது செல்லாது என்றது. ஒரு மாநிலம் தன் மக்களைக் காப்பாற்ற மூன்று வருடம் இப்படி ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

தடை முடியாது என்று ஆனதும், ஒழுங்குபடுத்தலாம் என்று 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டு வந்தார்கள். 18 வயதுக்குக் கீழே ஆடக்கூடாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை வர வேண்டும். நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று பண வரம்பு. இவை அத்தனையும் எனக்குச் சம்மதம். கூடவே ஒன்றைச் சேர்த்தார்கள்: கணக்கு தொடங்க ஆதார் கட்டாயம், அந்த எண்ணோடு இணைந்த போனுக்கு ஓடிபி. கம்பெனிகள் வழக்குப் போட்டன. அந்தரங்க உரிமை வரம்பற்றது அல்ல என்று சொல்லி 2025 ஜூன் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது.

ஆதார் ஓடிபி எதை நிரூபிக்கிறது? அந்த போன் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும்தான். கிராமத்து வீடுகளில் அம்மாவின் ஆதாரோடு இணைந்த நம்பர் இருக்கிற போன் பாதி நேரம் பத்தாவது படிக்கிற பையன் கையில்தான் இருக்கும். கேஸ் மானியம், ரேஷன், நூறு நாள் வேலைப் பணம் என்று எது வந்தாலும் ஓடிபியைப் படித்துச் சொல்வதே அவன்தான். அவன் ரம்மி ஆட நினைத்தால் அம்மா பெயரில் கணக்குத் தொடங்க இரண்டு நிமிடம் போதும். வயதைத் தடுக்க வந்த விதி வயதைத் தடுக்கவில்லை, விவரம் எதுவும் தெரியாத அந்த அம்மாவின் ஆதாரைக் கொண்டுபோய் ஒரு சூதாட்டக் கம்பெனியிடம் சேர்க்கிறது.

தென்கொரியா இதை நமக்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். 2021-இல் அரசே அந்தச் சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இன்னொன்றும் அங்கே நடந்தது. பெரிய இணையதளங்களில் கருத்து எழுத வேண்டுமானால் உண்மையான அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2007 முதல் கட்டாயமாக்கியிருந்தார்கள். விளைவு, தளங்களில் அடையாள விவரம் மலையாகக் குவிந்தது. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு தளங்களில் புகுந்தவர்கள் மூன்றரைக் கோடிப் பேரின் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் மூன்றரைக் கோடி. அடுத்த வருடமே அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த அடையாள விதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

அது பழைய கதை என்று விட முடியாது. கேம் ஆடுகிறவர்கள் எல்லாரும் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டில், வயதை நிரூபிக்க அடையாள அட்டைப் படம் அனுப்பியவர்களில் சுமார் 70,000 பேரின் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் அந்த நிறுவனமே சொன்னது. வாடிக்கையாளர் சேவைக்கு அமர்த்திய வேறொரு நிறுவனத்தின் வழியாகப் போனவை அவை. நம்மூரிலும் நடந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-இல் டெலிகிராம் பாட்களில் (கேட்டால் தானாகப் பதில் தரும் கணக்குகளில்) கிடைத்தன. நோய் விவரம் உட்பட. ஒழுங்காக நடக்கும் பெரிய நிறுவனங்களிலேயே இப்படி என்றால், காசாட்ட ஆப் ஒன்றிடம் ஆதார் கொடுக்கச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். கம்பெனி நஷ்டத்தில் மூடிவிட்டுப் போனால் அந்த விவரமெல்லாம் யாரிடம் இருக்கும் என்பதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அப்புறம் 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தது. 20-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். கோடிக்கணக்கானவர்களைத் தொடும் சட்டத்தை விவாதமே இல்லாமல் மூன்று நாளில் முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சட்டத்தின் அமைப்பு பிடித்திருக்கிறது. பண விளையாட்டை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். பணம் கைமாற வழி செய்யும் வங்கிக்கும் பேமென்ட் நிறுவனத்துக்கும் தண்டனை உண்டு. ஆடியவருக்குத் தண்டனை இல்லை, அவரைப் பாதிக்கப்பட்டவராகத்தான் பார்க்கிறது. 45 கோடிப் பேர் வருடத்துக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அரசு அப்போது சொன்ன கணக்கு. சட்டம் வந்த சில நாட்களிலேயே பெரிய ரம்மி ஆப்கள் காசாட்டத்தை நிறுத்தின. காசு கட்டி கற்பனை கிரிக்கெட் அணி சேர்த்து ஆடும் ட்ரீம்11, இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே போய்விட்டது. யாருடைய ஆதாரும் தேவைப்படவில்லை. பேமென்ட் வழி அடைபட்டதும் கடை மூடியது. நான் சொல்ல வருவது இதைத்தான்.

"வெளிநாட்டு சூதாட்டத் தளங்களுக்குப் போய்விடுவார்களே" என்பார்கள். சிலர் போகிறார்கள், மறுக்கவில்லை. 2022 முதல் 2025 ஜூன் வரை 1,500-க்கும் மேற்பட்ட சூதாட்டத் தளங்களையும் ஆப்களையும் முடக்க உத்தரவு போட்டும் புதுப்புதுப் பெயரில் முளைக்கின்றன. ஆனால் அங்கேயும் காசு போய்ச் சேருவது வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு வழியாகத்தான். கமிஷனுக்குப் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் ஒப்படைக்கிற இளைஞர்களைத் தடுப்பதிலும், அந்தக் கணக்குகளைக் கண்டுபிடிப்பதிலும் போலீஸ் நேரம் செலவாகட்டும். மேலும், தெருமுனை பேனரிலும் ஐபிஎல் இடைவேளையிலும் விளம்பரம் வந்த காலத்தில் விழுந்தவர்கள் எல்லாரும் தேடிப்பிடித்துத் திருட்டுத் தளத்துக்குப் போவார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் லேத் அண்ணன் போகவில்லை.

கேம் ஆடுகிறவன் என்ற முறையில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பப்ஜி 2020 செப்டம்பரில் தடையானது. அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது. 2022 ஜூலையில் திடீரென்று ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. இணையத்தில் உள்ளதை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் போடுகிற இந்த உத்தரவுகள் முழுதாக வெளியே வருவதில்லை. நாட்டின் பாதுகாப்பு என்ற ஒரு வரியோடு முடிகிறது. அது உண்மையான காரணமாகவே இருக்கலாம். அப்படியானால் திரும்பி வந்தபோது எந்தக் குறை சரிசெய்யப்பட்டது என்று மக்களிடம் சொல்லியிருக்கலாமே. நம்மிடம் ஆதார் கேட்கிற அரசு, தான் போடும் உத்தரவை நமக்குக் காட்டுவதில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ரம்மி போய்விட்டதே, இனி ஆதார் பேச்சு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்குக்குத் தடை போட்டிருக்கிறது. இங்கேயும் அப்படி வேண்டும் என்ற குரல் கேட்கிறது. நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. 18 வயதுக்குட்பட்டவர் விவரத்தைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. முழுதாக நடைமுறைக்கு வர 18 மாதம், அதாவது 2027 மே. அப்போது ஒவ்வொரு கேமும் ஆப்பும் அப்பா அம்மாவின் அடையாளத்தைக் கேட்டு வாசலில் நிற்கும். "18 ஆகிவிட்டதா? ஆம் அல்லது இல்லை" என்ற ஒற்றைப் பதில் மட்டும் போகிற மாதிரி அதை அமைக்க முடியும். பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் எதுவும் போக வேண்டியதில்லை. 2025-இல் வந்த புதிய ஆதார் ஆப்பில் எந்த விவரத்தைக் காட்டுவது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஆக, தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. அதைக் கட்டாயமாக்கி, மிச்சத்தைச் சேமித்தால் அபராதம் என்று எழுத வேண்டியது அரசின் வேலை. அதே சட்டம் அரசு அமைப்புகளுக்குக் கொடுத்திருக்கிற விலக்கையும் சுருக்க வேண்டும். கம்பெனிக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயம் என்றால் மக்கள் எப்படி நம்புவார்கள்?

இதுவரை ரம்மி ஆப் எதிலாவது கணக்கு வைத்திருந்தவர்கள் முதலில் மீதிப் பணத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் கணக்கையும் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) விவரத்தையும் நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் தளத்தில் உங்கள் எண் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் 1947-க்கு அழையுங்கள். பயோமெட்ரிக்கை (ஆதாரில் உள்ள கைரேகை, கண் பதிவை) பூட்டி வையுங்கள். பணம் மோசடியாகப் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, உடனே அழைத்தால்தான் பயன். ஆட்டத்தை விட முடியாமல் தவிக்கிறவர் வீட்டில் இருந்தால் 14416, மனநல ஆலோசனை, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுக்க, என் கடையானாலும் சரி, முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு அது போதும். பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலை முடிந்ததும் கடைக்காரர் போனிலிருந்து உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.