நார்ச்சத்து பவுடர் குடிச்சா மறதி போகுமா?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 68 வயசு, சீனி வருத்தத்துக்கு கன வருஷமா மெட்ஃபோர்மின் குடிக்கிறா. இப்ப அடுப்புல பால வச்சிட்டு மறந்து போறா. நார்ச்சத்து பவுடர் மூளைக்கு நல்லம் எண்டு வட்ஸ்அப்ல வந்திச்சு, வாங்கிக் குடுக்கலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: குடுக்கலாம் மகள், ஆனா மறதிக்கு மருந்தெண்டு நினைச்சுக் குடுக்காதீங்க. 2024ல லண்டன் கிங்ஸ் கொலிஜ் ஆக்கள் 60 வயசு தாண்டின 36 சோடி இரட்டையர்களுக்கு 12 கிழமை குடுத்துப் பாத்ததில, இனுலின் எண்ட நார்ச்சத்து (இன்சுலின் இல்ல!) கலந்த பவுடர் குடிச்சவங்க ஞாபக டெஸ்ட்ல கொஞ்சம் நல்லா செஞ்சிருக்கிறாங்க, ஆனா அது சீனி வருத்தக்காரருக்கெண்டு செய்த ஆய்வில்ல, காலமும் குறைவு.

எனக்கு யோசனை விட்டமின் பி12 பத்தித்தான். மெட்ஃபோர்மின் கன வருஷம் குடிச்சா பி12 குறையலாம், அது குறைஞ்சா மறதி, கால் விறைப்பு எல்லாம் வரும், அதோட தைரொய்டையும் பாக்கோணும், சீனி அடிக்கடி இறங்கினாலும் ஆள் தடுமாறும். அடுத்த கிளினிக்ல கொப்பிய நீட்டிட்டு சும்மா வராம மறதியச் சொல்லி பிளட் டெஸ்ட் கேளுங்க.

பவுடர் எண்டா இசப்கோல் (ஒரு விதையின்ட உமியில எடுக்கிற நார்ச்சத்து) போதும், சாப்பிட்டதும் சீனி சடாரெண்டு ஏறாது. ஒரு கிளாஸ் நிறைய தண்ணியோட, மத்தக் குளிசைகளுக்கு ரெண்டு மணித்தியாலம் தள்ளி. அதுக்கும் முதல் அந்த வெள்ளைப் பாண குறைச்சு குரக்கன் பிட்டு அவியுங்களேன்.