மாதாமாதம் வரும் சர்வேக்காரரிடம் உண்மையைச் சொன்னால் உரிமைத் தொகை போய்விடுமா?

கேள்வி: வீட்டிலேயே மெஷின் வைத்து அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைக்கிறேன். பால் எடுக்க ஒரு பசுவும் உண்டு. டேப்லெட்டோடு ஒருவர் மூன்று மாதமாக வந்து, போன வாரம் எந்த நாள் எத்தனை மணி நேரம் என்ன வேலை பார்த்தோம் என்று கேட்கிறார். முதல் தடவை நிலம், வாடகை வருமானம் எல்லாம் கேட்டார். "அவ வீட்ல சும்மாதான் இருக்கா" என்று என் கணவர் சொல்லிவிட்டார். மாற்றிச் சொன்னால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. பயப்படாமல் மாற்றிச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு; சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். 2025 ஜனவரியிலிருந்து, குலுக்கல் போல வீடுகளைப் பொறுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் தொடர்ந்து 4 மாதம் போகிறார்கள். உங்கள் மேல் சந்தேகப்பட்டு வரவில்லை. இதை ஊராட்சியில் ஒரு தண்டோரா போட்டுச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் கதவைச் சாத்த மாட்டார்கள். அதை யாரும் செய்வதில்லை.

2008-ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, தனி வீட்டு விவரம் கணக்குக்கு மட்டும்தான். பெயர் தெரியும்படி வெளியிடவும் கூடாது. உரிமைத் தொகைக்கு மாநில அரசு தன் விண்ணப்பத்தையும் தன் விதிகளையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது.

இப்போது உங்கள் வேலை. ஒவ்வொருவர் வேலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 'சும்மா இருக்கிறாள்' என்று சொன்னதும் டேப்லெட்டில் 92 என்று ஏறியிருக்கும்: வீட்டு வேலை மட்டும் செய்பவர். அது தவறு. கூலிக்கு ஜாக்கெட் தைத்தால் நீங்கள் சுயதொழில் செய்பவர், எண் 11. அந்த வாரக் கணக்குக்கு, ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். உங்கள் பிள்ளைக்கு மட்டும் பாவாடை தைத்தால் அது 93, வேலையில் சேராது.

மாட்டில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள், கணக்கெடுப்பவர் உட்பட. பாலை விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டாலும் மாடு வளர்ப்பது வேலைதான். வயலில் விளைவதும் மாட்டில் கறப்பதும் சொந்தச் சாப்பாட்டுக்கே ஆனாலும் உற்பத்தி. ஆனால் விளைந்த நெல்லை வீட்டுக்காகக் குத்துவதும், பாலைத் தயிராக்கி வெண்ணெய் எடுப்பதும் உற்பத்தி இல்லையாம். விறகு பொறுக்குவதும், இலவசமாகப் புல் அறுத்து வருவதும் 93-இல் போகும். கறந்தால் வேலை, கடைந்தால் வேலையில்லை! இந்த விதியை எழுதியவர்கள் மத்தைப் பிடித்திருக்க மாட்டார்கள். விதி அதுதான், அதற்கேற்பச் சொல்லுங்கள். மாடு உங்கள் கணவர் பொறுப்பில் இருந்து நீங்கள் தண்ணீர் காட்டி, சாணம் அள்ளினால், சம்பளமில்லாத குடும்ப உதவியாளர், எண் 21. அதுவும் வேலைதான்.

சமையல், பாத்திரம், துணி எல்லாம் எங்கே போயிற்று என்கிறீர்களா? அதற்கு நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று தனியாக ஒன்று உண்டு. முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரத்தை அரை மணி அரை மணியாகக் கேட்பார்கள். டிவி பார்த்ததும் அரட்டை அடித்ததும்கூட அதில் வரும். 2024 ஆய்வில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் நாளுக்குச் சராசரி 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிந்தது. உங்கள் வீட்டுக்கு வந்தது அது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஆட்களுக்கு. நிஜ சர்வேக்காரருக்குப் பின்னாலேயே, "உங்க பேரு லிஸ்ட்ல வந்திருக்கு, வீடு ஒதுக்கித் தர்றேன், 500 ரூபாய் கொடுங்க" என்று ஒரு புரோக்கர் வருவார். இந்த சர்வேயால் வீடும் வராது, கடனும் வராது. காசு கொடுத்து இதில் பெயர் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி., கைரேகை, ஆதார் நகல், எதுவும் இதற்குத் தேவையில்லை. கேட்டால் போலி, வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஓ.டி.பி. சொல்லிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அடுத்த தடவை அவர் வரும்போது முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். பிறகு நீங்களே உட்கார்ந்து, முந்தைய ஏழு நாளில் எந்தெந்த நாள் எத்தனை மணி தைத்தீர்கள், மாட்டுக்கு எவ்வளவு நேரம், கடந்த 30 நாளில் தையலில் கையில் எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள். முந்தைய தடவைகள் கணவர் சொன்னது தவறு என்றும் சொல்லிவிடலாம். நான்காவது மாதத்தோடு உங்கள் வீட்டு முறை முடிந்துவிடும்.