ஊர் நடுவே ஒரு சதுக்கம்: கேள்வி – பதில்

உலக நகரங்களில் உள்ள சதுக்கங்களை எப்படி வகை பிரிப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

வடிவத்தை விடுங்கள், ஆட்கள் எதற்காக வந்து கூடுகிறார்கள் என்று பாருங்கள். சந்தை, நகர மன்றத்தின் முன்வெளி, தேவாலய வாசல், ரயில் நிலைய முகப்பு, வீடுகள் சூழ்ந்த பூங்காச் சதுக்கம் என்று பெரும்பாலானவை ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். பாரிஸில் 1612-ல் திறந்த பிளாஸ் தெ வோஜ் கடைசி வகை: பக்கத்துக்குச் சுமார் 140 மீட்டர், சுற்றிலும் ஒரே சாயலில் வீடுகள்.

ஸ்பானியர்கள் இதற்கு விதியே எழுதிவைத்தார்கள். அமெரிக்கக் குடியேற்ற நகரங்களுக்காக இரண்டாம் பிலிப் மன்னர் 1573-ல் பிறப்பித்த ஆணைப்படி, சதுக்கத்தின் நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். குதிரை விழாக்களுக்கு அதுதான் தோது. 600 அடிக்கு 400 அடி நல்ல அளவு. கடலோர ஊரென்றால் படகுத்துறை அருகில், உள்நாட்டு ஊரென்றால் நடுவில். சுற்றிலும் வியாபாரிகளுக்குத் தாழ்வாரம். வெயில் ஊர்களுக்கு உருப்படியான விதி இந்தத் தாழ்வாரம்தான்.

இத்தாலியின் சியனா நகரச் சதுக்கம் குழிவாக இருக்கிறதே, மழைத்தண்ணீர் தேங்காதா? (வாசகர், கோவை)

தேங்காது. குன்றுச் சரிவைச் சமப்படுத்தாமல் அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். 1349-ல் செங்கல் பாவிய தளத்தை வெளிர்நிறக் கல்பட்டைகள் ஒன்பது பாகமாகப் பிரிக்கின்றன. அப்போது ஊரை ஆண்டது ஒன்பது பேர் குழு. பட்டைகள் எல்லாம் நகர மன்றத்துக்கு முன்னால், ஆகத் தாழ்ந்த இடத்தை நோக்கிக் கூடுகின்றன. வடிகாலின் வாய் அங்கேதான். ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் ஓரத்தைச் சுற்றி மண் கொட்டிக் குதிரைப் பந்தயம் நடத்துவார்கள். சரிவில் இறங்கிய வேகத்திலேயே திரும்ப வேண்டிய சான் மார்ட்டினோ வளைவில் குதிரைகள் சறுக்கி மோதும் என்பதால் அங்கே தடுப்பில் மெத்தை கட்டுவார்கள்.

எங்கள் ஊரில் புதிதாகச் சதுக்கம் கட்டப்போகிறார்கள். ஆளில்லாமல் கிடக்காமல் இருக்க எதைக் கேட்க வேண்டும்? (வாசகர், கரூர்)

முதலில் உட்கார இடம் கேளுங்கள். நியூயார்க் சதுக்கங்களை நகர ஆய்வாளர் வில்லியம் வைட் 1970-களில் கேமரா வைத்துக் கணக்கெடுத்தார். உட்கார வசதி உள்ள இடத்தில்தான் ஆட்கள் தங்கினார்கள். அதையொட்டி அந்நகரம் 1975-ல் விதி போட்டது: 30 சதுர அடிக்கு ஓர் அடி நீள இருக்கை. தனி பெஞ்சுதான் வேண்டுமென்பதில்லை. ஒன்று முதல் மூன்று அடி உயரமுள்ள திண்ணையும் படியும் போதும். ஆனால் அதன் விளிம்பில் கம்பி முள் பதித்துவிட்டால் எல்லாம் வீண்.

அடுத்தது மட்டம். சாலையைவிட மூன்றடிக்கு மேல் உயர்த்தவோ பள்ளமாக்கவோ விடாதீர்கள். நடந்துபோகிறவர் கண்ணில் படாத இடத்துக்கு யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

பேவர் பிளாக் பதிக்கும்போது தண்ணீர் ஓட 100 அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் வேண்டும். வாட்டம் மரத்தடிக்குப் போகலாம், கடை வாசலுக்குப் போகக் கூடாது. பளபளக்கும் கிரானைட் மழையில் வழுக்கும், சொரசொரப்பான கல்லே கேளுங்கள். மரத்தைச் சுற்றி நாலடிக்கு நாலடி மண்ணை மூடாமல் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேர் தளத்தைத் தூக்கிவிடும். நிழல் மாலை நான்கு மணிக்கு எங்கே விழுகிறதோ அங்கேதான் இருக்கை வர வேண்டும். வரைபடத்தை வாங்கிக்கொண்டு அந்த நேரத்தில் இடத்துக்கே போய்ப் பாருங்கள். டீ, சுண்டல் விற்கும் தள்ளுவண்டிகளை ஒழுங்கு என்ற பேரில் அப்புறப்படுத்தினால் கூட்டமும் அவர்களோடு போய்விடும். வண்டி நிற்க ஓரத்தில் இடமும் தண்ணீர்க் குழாயும் ஒதுக்கச் சொல்லுங்கள்.