இரண்டு நாளில் மேடையேறும் ஸ்கெட்ச் காமெடி: கேள்வி பதில்

நாளை மறுநாள் நிகழ்ச்சி. நான்கு ஸ்கெட்சில், அதாவது குட்டி நகைச்சுவை நாடகத்தில், இருக்கிறேன். வசனம் எதுவும் பாடமாகவில்லை.

வரிக்கு வரி பாடம் பண்ணப் பார்க்காதீர்கள், நடக்காது. உங்கள் முதல் வரி, அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கும் வரிகள், விளக்கு அணைய வேண்டிய கடைசி வரி, இவை மட்டும் பிசகக் கூடாது. நடுவில் சொந்த வார்த்தை வந்தால் குடி முழுகிவிடாது.

கடைசி வரிதான் ஆபத்து. ஒருமுறை "கிளம்பு" என்று முடிக்க வேண்டிய இடத்தில் "சரி, போயிட்டு வா" என்றேன். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் விளக்குக்காரர் "கிளம்பு"வுக்காகக் காத்திருந்தார். நானும் கூட நடித்தவரும் திருதிருவென்று விழித்தபடி நின்றோம். பத்து விநாடிதான் இருக்கும், எனக்கு அரை மணி நேரம்.

பேப்பரைப் பார்த்துப் பேசினால் கேவலமா?

1975 முதல் நடக்கும் அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' டிவி நகைச்சுவை நிகழ்ச்சியிலேயே கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கும் அட்டையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். கடைசி ஒத்திகைக்குப் பிறகும் வசனம் மாறுவதால் வேறு வழியில்லை. உங்களுக்கு அட்டை பிடிக்க ஆள் இல்லையென்றால் பாத்திரத்தின் கையிலேயே காகிதத்தைக் கொடுங்கள். டாக்டர், நீதிபதி, செய்தி வாசிப்பவர் கையில் ஃபைல் இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? முகத்தை மட்டும் மறைக்காதீர்கள்.

ஒத்திகைக்கு மூன்று மணி நேரம்தான். எதற்குச் செலவிடுவது?

நகைச்சுவையை மெருகேற்ற அல்ல. அவசரமாகச் சேர்த்த நிகழ்ச்சி பெரும்பாலும் சொதப்புவது ஸ்கெட்சுக்குள் அல்ல, இரண்டு ஸ்கெட்சுக்கு நடுவில். எந்த நாற்காலியை யார் எடுப்பது, இருட்டில் யார் எந்தப் பக்கம் வெளியேறுவது, தொலைபேசி எந்த மேஜையில் என்பதெல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். ஒருமுறை வாசித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வரி, கடைசி இரண்டு வரி, உடனே மாற்றம் என்று வரிசையாக ஓடிப் பாருங்கள். நடுப்பகுதியைத் தாண்டிவிடலாம். அப்புறம் நேரம் மிஞ்சினால் முழு ஒத்திகை.

சிரிப்பு வந்தால் எவ்வளவு நேரம் நிறுத்துவது?

சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி. முழுவதும் அடங்கும்வரை நின்றால் சூடு ஆறிவிடும். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பே வரவில்லையா, காத்திருக்காமல் போய்க்கொண்டே இருங்கள்.

கூட நடிப்பவர் வசனத்தை மறந்துவிட்டால்?

"என்ன ஆச்சு, சொல்லு" என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஆளைக் கிணற்றில் தள்ளுகிற வேலை. விஷயத்தைக் கேள்விக்குள்ளேயே வையுங்கள்: "காலையில ஏதோ லெட்டர் வந்துச்சாமே, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி?" அவர் "ஆமா" என்றாலே கதை நகர்ந்துவிடும்.

எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் நெற்றியைப் பாருங்கள். அதையும் மீறி வந்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளுங்கள். ஒருமுறை என்றால் கூட்டம் ரசிக்கும்.

அடுத்தடுத்து இரண்டு ஸ்கெட்ச், உடை மாற்ற நேரமே இல்லை.

வரிசையை மாற்றச் சொல்லுங்கள், இன்றைக்கே. முடியாதென்றால் உள்ளே கறுப்புச் சட்டை, மேலே ஒரு கோட்டோ தொப்பியோ போதும். பட்டன் வைத்ததை மட்டும் தொடாதீர்கள், இருட்டில் கை நடுங்கும்.